எழுபத்து மூன்றாம் நம்பர் நாற்காலி

என் பில் கவுன்டருக்குப் பின்னால் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது. சிவப்பு என்று சொல்வதெல்லாம் பழைய மரியாதைக்காகத்தான். எத்தனையோ கல்யாணத்திலும் கருமாதியிலும் வெயில் குடித்து வெயில் குடித்து, ஆறிப்போன பீட்ரூட் பொரியல் நிறத்துக்கு அது வந்து வெகுநாளாகிறது. முதுகில் வெள்ளை பெயின்டில் 73 என்று எழுதியிருக்கும். எழுதிய கை அவசரக் கை என்பதால் ஏழின் வால் வழிந்து மூன்றைத் தொட்டுக்கொண்டிருக்கும். போன வாரம் எங்கள் சூப்பர் மார்க்கெட்டுக்குப் புது ஏரியா மேனேஜர் வந்தார். தரையைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். என் கவுன்டருக்கு வந்ததும், "இது என்ன மேடம், கல்யாண மண்டபத்துல இருந்து தூக்கிட்டு வந்த மாதிரி இருக்கு? முதல்ல இதை வெளியில போடுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதைச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அதற்கு முன் என் மாமனாரைப் பற்றிச் சொல்லாவிட்டால் அந்தப் பதிலுக்கு அர்த்தமே இருக்காது.

என் மாமனார் பாகூர் பக்கத்தில் எங்கள் ஊர் மெயின் ரோட்டில் சாமியானா, நாற்காலி, சமையல் பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர். அவரிடம் சரியாக நூறு நாற்காலிகள் இருந்தன. ஒன்றிலிருந்து நூறு வரை ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு, நம்பரைச் சொன்னால் ஜாதகமே சொல்வார். இருபத்தேழு நெட்டப்பாக்கம் காதுகுத்தில் தாய்மாமன் சண்டையில் காது உடைந்தது. நாற்பத்தொன்று பனித்திட்டில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய், அலைக்குப் பக்கத்தில் போட்டு, அரை மணி நேரம் கடலில் மிதந்து திரும்பி வந்தது. விசேஷம் முடிந்து வண்டியில் ஏற்றும்போது எண்ணுவார். ஒன்று குறைந்தால் சாப்பாடு இறங்காது. ஒருமுறை துக்க வீட்டில் எல்லாரும் காரியம் முடிந்து களைத்துப் படுத்திருக்க, இவர் உள்ளே போய், கொல்லையில் அந்த வீட்டு மாப்பிள்ளை உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த அறுபத்திரண்டாம் நம்பரை, அவர் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, முடிந்ததும் வாங்கிக்கொண்டு வந்தார். அத்தை, அதாவது என் மாமியார், இதை ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு கொள்கைதான். "வந்தவங்க நின்னா அது இன்னா விசேஷம்? அது ரேஷன் கடை" என்பார். எங்கே நாலு பேர் நிற்பதைக் கண்டாலும் அவர் கை பரபரக்கும். பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்களைப் பார்த்தால்கூட முகம் வாடிவிடும். இந்த மனுஷன் எப்படி எங்கள் ஊர் வியாபாரிகள் சங்கத் தலைவர் ஆனார் என்று யாரும் கேட்கலாம். சங்கக் கூட்டத்துக்கு நாற்காலி இவருடையது. நாற்காலி போடுகிறவர் முதலில் வந்து, கடைசியில் போவார். எல்லாக் கூட்டத்துக்கும் முழுதாக வந்திருந்த ஒரே ஆள் என்பதால் தலைவராக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு மாற்றவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அப்படிப்பட்ட சமயத்தில்தான் மெயின் ரோட்டுப் பழைய நெல் குடோனை இடித்துக் கண்ணாடிக் கடை கட்ட ஆரம்பித்தார்கள். சூப்பர் மார்க்கெட் வருகிறது என்று தெரிந்ததும் ஊர் இரண்டுபட்டது. வாங்குகிறவர்களுக்கு வாயெல்லாம் பல். விற்கிறவர்களுக்கு வயிற்றில் புளி. சங்கச் செயலாளர் மளிகைக்கடை வைத்திருந்தவர். கல் உப்பிலிருந்து கற்பூரம் வரை எல்லாம் அவரிடம் கிடைக்கும், வாங்குவதற்குள் நாலு வசவும் சேர்த்துக் கிடைக்கும். அவர்தான் கூட்டத்தில் எழுந்து தொண்டை கிழியப் பேசினார். கடை திறக்கிற நாளிலிருந்து எதிரே பந்தல் போட்டு உட்காருவது, கடையை மூடும்வரை எழுந்திருப்பதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். தலைமை என் மாமனார். பந்தலும் அவருடையதே.

இந்தப் பக்கம் வீட்டில் என் நிலைமை வேறு. திருபுவனை கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்த என் வீட்டுக்காரரை அந்த மாதம்தான் நிறுத்தியிருந்தார்கள். அவர் காலையில் எழுந்து, வேலைக்குப் போகிற நேரத்துக்குக் குளித்து, சட்டை போட்டு, திரும்ப உட்கார்ந்துகொள்வார். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும், பாவமாகவும் இருக்கும். நான் யாரிடமும் சொல்லாமல் அந்தச் சூப்பர் மார்க்கெட்டுக்கு அப்ளிகேஷன் போட்டேன். பில் போடுகிற வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். வேலை கிடைத்த சந்தோஷத்தைவிட மாமனாரிடம் எப்படிச் சொல்வது என்ற பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. கடைசியில் அத்தைதான் ரசம் ஊற்றும்போது போட்டு உடைத்தார். "நீ மூடச் சொல்ற கடையில ஒம் மருமவளுக்கு வேலை கெடச்சிருக்குது. இன்னா பண்ணப்போற?"

மாமா ரசத்தைக் குடித்து முடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீ ஒன் வேலையப் பாரும்மா. நான் என் வேலையப் பாக்குறேன். எதிர்லதான ஒக்காந்திருக்கப்போறேன், எதுனா ஒன்னுன்னா கூப்புடு" என்றார். என் வேலையைப் போகவைப்பதுதான் அவர் வேலை என்பது அப்போது எங்கள் இரண்டு பேருக்குமே முழுசாக உறைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

திறப்பு விழாவுக்கு நாலு நாள் முன்னால் இன்னொரு கூத்து நடந்தது. கடை மேனேஜர் திருச்சிக்காரர், ஊருக்குப் புதுசு. விழாவுக்கு நாற்காலி வேண்டும் என்று விசாரித்தவருக்கு யாரோ என் மாமனாரின் போன் நம்பரையே கொடுத்துவிட்டார்கள். மாமாவும் போனிலேயே பேசி ஒத்துக்கொண்டுவிட்டார்! செயலாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். "யோவ் தலைவரே, உனக்குப் புத்தி கித்தி பெரண்டுபோச்சா? அவன் கடைக்கு நம்ம சேரா?" மாமா சாந்தமாக, "சாவு வூட்டுக்குக் கேட்டாலும் குடுக்கறேன், சண்டைக்காரன் வூட்டுக்குக் கேட்டாலும் குடுக்கறேன். கேட்டு வந்தவன்கிட்ட சேர் இல்லன்னு எந்த வாயால சொல்றது?" என்றார். பிறகு பாகப்பிரிவினை செய்தார். ஒன்றிலிருந்து ஐம்பது வரை திறப்பு விழாவுக்கு. ஐம்பத்தொன்றிலிருந்து நூறு வரை எதிர்ப்புக்கு. நல்ல சாமியானா அவர்களுக்கு, கிழிந்தது நமக்கு, ஏனென்றால் அவர்கள் முதலில் கேட்டார்கள்.

திறப்பு விழா அன்று ஊரே திரண்டுவிட்டது. முதலில் வரும் இருநூறு பேருக்குப் பிளாஸ்டிக் பக்கெட் இலவசம் என்று அறிவித்திருந்தார்கள். எங்கள் அத்தை காலை ஆறு மணிக்கே வரிசையில் முதல் ஆளாக நின்றதை நான் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்து முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். கடைப் பக்கம் ஐம்பது நாற்காலியும் நிரம்பி, கிழவிகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் வெயிலில் நிற்கிறார்கள். எதிரே பந்தலில் ஐம்பது நாற்காலியில் பதினாறு பேர். மாமா எழுபத்து மூன்றாம் நம்பரில் கையில் கொடியோடு உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் தாங்கினார். அதற்கு மேல் முடியவில்லை. கொடியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு, கைக்கு இரண்டாக நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்து, "ஒக்காரு ஆயா, ஒக்காரு" என்று போட ஆரம்பித்துவிட்டார். செயலாளர் மைக்கில், "தலைவர் அவர்கள் உடனடியாக மேடைக்கு வரவும்" என்று கத்தினார். தலைவர் அவர்கள் ஏழு தடவை ரோட்டைக் கடந்த பிறகுதான் மேடைக்குப் போனார். திறப்பு விழா நல்லபடியாக நடந்ததற்குப் பாதிக் காரணம் எதிர்ப்புக் குழுத் தலைவர் என்று மேனேஜருக்குக் கடைசிவரை தெரியாது.

அதிலிருந்து தினமும் ஒரே நடைமுறை. காலை ஒன்பதரைக்கு நான் ஸ்கூட்டியை எடுப்பேன். பின்னால் மாமா, மடியில் கொடி, பிரஷர் மாத்திரை, தண்ணீர் பாட்டில். பந்தலில் அவரை இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பிக் கடையில் நிறுத்துவேன். பத்து மணிக்கு அவர், "மூடு மூடு!" என்று குரல் கொடுப்பார், மற்றவர்கள், "கடையை மூடு!" என்பார்கள். என் முகத்தைப் பார்த்துக் கத்தக் கூச்சப்பட்டு, பாகூர் ஏரி இருக்கும் திசையைப் பார்த்துக் கத்துவார். மத்தியானம் அத்தை கட்டிக்கொடுத்த ஒரே கத்திரிக்காய் காரக்குழம்பை ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் சாப்பிடுவோம். ஒருநாள் மேனேஜர் என்னிடம், "அந்தக் கொடி வெச்சிருக்கிற பெரியவரு ரொம்ப முரட்டு ஆளா இருப்பார் போலிருக்கே" என்றார். "ஆமா சார், எங்க மாமனார்தான்" என்றேன். மனுஷன் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கில் ஏறிவிட்டது.

இதெல்லாம் இப்போது சொல்லச் சிரிப்பாக இருக்கிறது. அப்போது எனக்குள் நெருப்பு. பந்தலைத் தாண்டி உள்ளே வர அக்கம்பக்கத்து ஜனம் கூச்சப்பட்டது. கடை காற்று வாங்கியது. மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு, இந்த மாதம் முழுக்க இப்படியே போனால் தலைமை அலுவலகம் கிளையை மூடிவிடும், உள்ளூரில் எடுத்த ஆட்களை வைத்துக்கொள்ள வழியில்லை என்று சொல்லிவிட்டார். வீட்டில் வருகிற ஒரே சம்பளம் என்னுடையது. என் மாமனார் ஜெயித்தால் எங்கள் அடுப்பு அணையும். அவர் தோற்றால் ஊருக்கு முன்னால் அவர் தலை குனியும். காலையில் அவரை இறக்கிவிடும்போது, 'மாமா, இன்னைக்கு மெதுவா கத்துங்க' என்று சொல்ல வாய் வரைக்கும் வரும். சொன்னதில்லை. எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. கோபப்பட முடியாத அளவுக்குப் பிரியமும் இருந்தது, அதுதான் சங்கடம்.

எனக்கு இன்னொரு கஷ்டமும் இருந்தது, அதை நான் கஷ்டம் என்றே நினைக்கவில்லை. கடையில் பில் போடுகிற மூன்று பெண்களுக்கும் உட்கார ஒன்றும் கிடையாது. வாடிக்கையாளர் வரும்போது நின்றால்தான் மரியாதை என்பது கம்பெனி விதி. பத்து மணி நேரம். சாயங்காலம் கால் வீங்கி, காலையில் போட்ட செருப்பு ஏறாது. ஒருநாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டிக்கு வந்தேன். பந்தலிலிருந்து இறங்கி வந்த மாமா என் காலையே பார்த்தார்.

"இன்னாம்மா ஆச்சு காலுக்கு?"

"ஒன்னுமில்ல மாமா. நின்னு நின்னு வீங்கியிருக்குது."

"ஏன் நிக்கிற? சேரு ஒடஞ்சுபோச்சா?"

"சேரே கிடையாது மாமா."

"எடுத்துக்கினு போய்ட்டாங்களா?"

"இல்ல மாமா. போடவே மாட்டாங்க. அதான் ரூல்சு."

அவருக்குப் புரியவில்லை. வீடு வரும்வரை பின்னால் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தார். வாசலில் இறங்கி, குரலைத் தாழ்த்தி, "நீங்க மூணு பேரும் எதுனா தப்பு பண்ணீங்களா?" என்றார். சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் எதிரே உட்கார்ந்து அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தும், கவுன்டர் மறைத்ததால் உள்ளே நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம் என்றுதான் நினைத்திருக்கிறார். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நாற்காலி எதுவும் தொலையாமல் அவர் சாப்பிடாமல் இருந்தது அதுதான் முதல் தடவை என்றார் அத்தை.

மறுநாள் பத்து மணிக்கு வழக்கம்போல எழுந்தார். ஏரியைப் பார்க்கவில்லை, நேராகக் கண்ணாடியைப் பார்த்தார். "போடு போடு!" என்றார். கூட்டம் பழக்கதோஷத்தில், "கடையை மூடு!" என்றது. "யோவ், ஒழுங்கா சொல்லுங்கய்யா. போடு போடு, சேரைப் போடு! நிக்க வைக்காத, நிக்க வைக்காத, பொண்ணுங்கள நிக்க வைக்காத!" கோஷம் போடுகிறவர்கள் தலைவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வார்கள், அர்த்தம் பார்க்கமாட்டார்கள். எட்டுத் தடவை ஊர் அதிரச் சொல்லி முடித்த பிறகுதான் செயலாளருக்கு ஏதோ இடித்தது. "என்னய்யா இது? மூடச் சொல்ற கடையில எதுக்குய்யா சேரு?" என்றார். "மூடற வரைக்கும் ஒக்காரட்டுமே" என்றார் மாமா. உள்ளே நாங்கள் மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம். ஒருத்தி சிரித்தாள், ஒருத்தி அழுதாள். நான் இரண்டையும் செய்தேன்.

அந்த வாரமே கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். செயலாளர் நாலு கோரிக்கை சொன்னார்: கடையை மூட வேண்டும், மூடாவிட்டால் மளிகை விற்கக் கூடாது, விற்றால் காய்கறியாவது விற்கக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை திறக்கவே கூடாது. டைப் அடிக்கக் கொண்டுபோனவர் மாமா. திரும்பி வந்தபோது தாளில் ஐந்து கோரிக்கைகள் இருந்தன. அங்கே நடந்ததைச் செயலாளர்தான் எங்கள் வீட்டுக்கு வந்து கத்திக் கத்திச் சொன்னார். கம்பெனி ஆள் முதல் நாலையும் படித்து, முடியாது, முடியாது, முடியாது, முடியாது என்றாராம். ஐந்தாவதைப் படித்து, "மூணு சேர்தானே? பண்ணலாம்" என்றாராம். காலையிலிருந்து பசியோடு உட்கார்ந்திருந்த அதிகாரி, "கோரிக்கை ஏற்கப்பட்டது, போராட்டம் வாபஸ்" என்று எழுதி, கையெழுத்துக்கு நீட்ட, தலைவர் முதல் ஆளாகப் போட்டுவிட்டாராம்.

"இருபத்தோரு நாள் ஒக்காந்ததுக்கு மூணு சேரு! மருமவளுக்காக ஊரையே வித்துட்டியேய்யா!" என்று செயலாளர் குரல் உடைந்து நின்றார். அவரைப் பார்க்க எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. அவர் பயமும் பொய்யான பயமில்லை. மாமா தலையைக் குனிந்துகொண்டு, "மூட மாட்டான்யா. அது ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கெடைக்கறத வாங்கினேன். மொதல்ல நீ ஒக்காரு" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

தலைமை அலுவலகத்திலிருந்து நாற்காலி வர மூன்று வாரமாகும் என்றார் மேனேஜர். அன்று மத்தியானமே மாமா பந்தலைப் பிரித்து, எழுபத்தொன்று, எழுபத்திரண்டு, எழுபத்து மூன்று என்று மூன்றையும் துடைத்து எடுத்துக்கொண்டு, முதன்முறையாகக் கடைக்குள் வந்தார். கடைசி நாற்காலி இருபத்தோரு நாள் அவர் உட்கார்ந்திருந்தது. அதை என் கவுன்டருக்குப் பின்னால் போட்டு, காலை ஆட்டிப் பார்த்து, "ஒக்காரும்மா" என்றார். மாமனார் நிற்கும்போது நான் உட்கார்ந்ததே கிடையாது. "பரவால்ல மாமா" என்றேன். "ஒக்காருன்றேன் இல்ல" என்று அதட்டினார். உட்கார்ந்தேன். ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த மாதமே அவரைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கக் கூட்டம் போட்டார்கள். நாற்காலிகளை அவரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் போட்டார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து அவரை நீக்கினார்கள். நீக்கியவர்கள் எழுந்து போன பிறகு எண்ணி ஏற்றிக்கொண்டு வந்தார். அத்தை, "வெக்கமா இல்லியா?" என்று கேட்டதற்கு, "சேரெல்லாம் சரியா இருக்குது" என்றார். கம்பெனி நாற்காலி இரண்டுதான் வந்தது. எழுபத்து மூன்று என்னிடமே தங்கிவிட்டது. எங்கள் கடையில் ஒரு தீப்பெட்டிகூட வாங்குவதில்லை என்று சங்கத்தில் செய்த சத்தியத்தை அவர் சாகும்வரை மீறவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் வருவார். நாற்காலியைக் கவிழ்த்துப் பார்ப்பார், காலைத் துடைப்பார், "வாடகைக்குத்தான் வுட்டுருக்குது, கெவனம்" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, செயலாளர் கடைக்குப் போய் பீடி வாங்குவார். செயலாளர் கடையும் மூடவில்லை. வாசலில் மாமா இரண்டு நாற்காலி போட்டுக் கொடுத்தார். உட்கார்ந்து வசவு வாங்க ஜனம் இன்னும் அங்கே போகிறது.

போன தை மாதம் மாமா போய்ச் சேர்ந்தார். அதற்கு ஒரு வாரம் முன்னால், என் வீட்டுக்காரரிடம், "தொண்ணூத்தொம்போதும் ஒனக்கு. எழுவத்தி மூணு அதுக்கு" என்று என்னைக் காட்டிச் சொன்னார். அவர் போன அன்றைக்கு எங்கள் வாசலில் அவருடைய சாமியானா, அவருடைய நாற்காலிகள். அவர் யாருக்கெல்லாம் நாற்காலி போட்டாரோ அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். இடம் போதவில்லை. அழுதுகொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தபோது, செயலாளர் வெயிலில் தனியாக, துண்டால் கண்ணைத் துடைத்தபடி நின்றுகொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "கடையில இருக்குற எழுவத்தி மூணை எடுத்தாங்க" என்றேன். அவரும் போய் எடுத்துவந்தார். செயலாளர் முதுகுப் பக்கம் நம்பரைப் பார்த்தார். உட்கார்ந்தார். பிறகு ஓவென்று அழுதார். சாயங்காலம் என் வீட்டுக்காரர் எண்ணிவிட்டு வந்து, "நூறும் இருக்குது" என்றார். மறுவாரம் வேலைக்குப் போகும்போது ஸ்கூட்டியில் அதைக் கட்டிக்கொண்டு போய்ப் பழைய இடத்திலேயே போட்டேன்.

இதையெல்லாம் புது ஏரியா மேனேஜரிடம் சொல்ல முடியுமா? சொன்னால்தான் அவருக்குப் புரியுமா? ஆகவே, "சார், அது கம்பெனி சேர் இல்ல. வாடகை சேர். ஓனரைக் கேக்காம எடுக்க முடியாது" என்றேன்.

"அப்படியா? ஓனரை வரச் சொல்லுங்க, நான் பேசிக்கறேன்" என்றார்.

"நான்தான் சார்" என்றேன். எழுந்திருக்கவில்லை.